நிரோவின்ர நாலு கண்டு

இதில இருக்கலாமோ பிள்ளை? தமிழ்ப் பிள்ளைதானே, முகத்தைப் பார்த்த உடன தெரிஞ்சுது. கழுத்தில தொங்குற அட்டையையும் கண்டனான். ஆஸ்பத்திரியிலதானே வேலை? நானும் அங்கதான் போறன். உந்தக் காதில செருகியிருக்கிறதை ஒருக்காக் கழட்டுங்கோவன், உங்களிட்ட ஒரு விசயம் கேக்கவேணும். கேக்க முன்னம் கொஞ்சம் கதை சொல்லவேணும். இல்லாட்டி உங்களுக்கு விளங்காது.

முதல்ல இதைச் சொல்லிப்போடுறன். மணக்குதோ? வெக்கப்படாமல் சொல்லுங்கோ. முன்னுக்கு இருக்கிற வெள்ளைக்காரி ஒருக்காத் திரும்பிப் பார்த்தவ. கஞ்சாதான். ஐயையோ, எழும்பாதேங்கோ பிள்ளை! நான் பத்துறேல்லை. சுருட்டைத் தவிர நான் ஒண்டும் பத்தினதில்லை, அதையும் இந்தக் குளிருக்க வந்து விட்டிட்டன். இந்தப் பையுக்க ஒரேயொரு இலை கிடக்கு, ரிஷூப் பேப்பரில சுத்தி வச்சிருக்கிறன். பக்கத்தில பிளாஸ்கில கஞ்சி. ரெண்டும் என்ர மருமகளுக்கு. கஞ்சி குடிக்க, இலை பாக்க.

எல்லாம் சட்டப்படிதான். இந்த நாட்டில வீட்டுக்கு நாலு கஞ்சாக் கண்டு வைக்கலாம் எண்டு விட்டிருக்கிறாங்கள். எனக்கும் முதல் தெரியாது. மனுசி செத்தாப்பிறகு மகன் சுகிர்தன்தான் என்னை ஊரிலயிருந்து கூப்பிட்டவன். வந்து கொஞ்ச நாளில, பேஸ்மென்டில என்னடா வெளிச்சம் எண்டு இறங்கிப் பார்த்தால், அலுமாரி அளவில ஒரு கறுப்புக் கூடாரம். சிப்பை இழுத்தன். உள்ளுக்கு நடுப்பகல் மாதிரி லைட்டு. நாலு சாடி. நாலு கஞ்சா! என்ர அப்பு நாகமுத்தற்ற குடும்பத்துக்கு இப்பிடியும் ஒரு காலம் வந்துதோ எண்டு படியிலயே குந்தீட்டன்.

வளர்த்தவ மருமகள். நிரோஜினி. நாங்கள் நிரோ எண்டுதான் கூப்பிடுறது. அவவுக்கு வயித்தில புற்றுநோய் பிள்ளை. மருந்து ஏத்தி ஏத்தி, என்னத்தைத் திண்டாலும் சத்தி, அப்பிடியே வெளிய வந்திடும். தண்ணி குடிச்சாலும் சத்தி. நித்திரையும் இல்லை. டொக்டர் சொல்லித்தான் முதல்ல கடையில அந்த எண்ணெயை வாங்கினவை. அது ஒத்துவரேல்லை. பேந்து ஆரோ சிநேகிதப்பிள்ளை குடுத்த விதையில தானே வளர்த்து, தானே காய்ச்சி எடுத்ததுதான் அவவுக்குப் பிடிச்சுது. எப்பிடிக் காய்ச்சிறவ எண்டு நான் எட்டியும் பாக்கேல்லை. கஞ்சா காய்ச்சிற குசினிக்குள்ள எனக்கு என்ன வேலை, சொல்லுங்கோ? மேல அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போடுவன்.

ஆனால் ஒண்டைக் கண்டனான். ரெண்டு சொட்டு நாக்குக்குக் கீழ விட்டவ. கொஞ்சத்தால மேசைக்கு வந்து இருந்து, சொதியும் சோறும் குழைச்சுத் திண்டவ. திண்டுபோட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" எண்டு தட்டை நீட்டினவ. என்ர மகன் சட்டியைக் கையில வச்சுக்கொண்டு அழுதவன் பிள்ளை. பெரிய லொறி ஓட்டுற ஆம்பிளை, சோத்துச் சட்டியோட நிண்டு அழுறான். அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கேல்லை. சொந்தக்காரர் ஆரும் வந்தால், கீழ தக்காளி வச்சிருக்கிறம் எண்டு நானே முந்திக்கொண்டு சொல்லுவன்.

வாய் சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்குமோ? நான் ஏழாலையில புகையிலைத் தோட்டம் செய்த மனுசன். செம்மண்ணில என்ர புகையிலை நிண்டால் றோட்டால போறவன் சைக்கிளை நிப்பாட்டிப் பாப்பான். பொய்யில்லை. ஒருநாள் கீழ போறன், நிரோ ஒரு இலையைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையில ஃபோனையும் வச்சுக்கொண்டு முழிக்கிறா. இலை நுனியெல்லாம் கருகிப்போய்க் கிடக்கு.

"மாமா, இன்டர்நெட்டில ஒவ்வொருத்தன் ஒவ்வொரு வருத்தம் சொல்லுறான். எது எண்டு எனக்குத் தெரியேல்லை" எண்டா.

நான் கிட்டப் போகேல்லை. படியில நிண்டபடியே சொன்னன். "உரம் கூடிப்போச்சு. வெறுந்தண்ணியை விட்டுச் சாடியைக் கழுவும். பேந்து கொஞ்ச நாளைக்கு ஒண்டும் குடாதையும்." அவ்வளவுதான் சொன்னது. அடுத்த கிழமை புது இலை பழுதில்லாமல் வந்திட்டுது. அவ மேல ஓடிவந்து, ஓடி எண்டால் அவவின்ர ஓட்டம், கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து, "மாமா, நீங்கள்தான் டொக்டர்" எண்டா. எனக்கு உள்ளுக்குக் குளிர்ந்து போச்சு. இந்த நாட்டுக்கு வந்தாப்பிறகு என்னைப் பார்த்து ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை. மாத்திரை போட்டாச்சோ, குல்லா போட்டாச்சோ எண்டுதான் கேப்பினம்.

அதோட நான் கூடாரத்துக்குள்ள காலை வச்சிட்டன். பேந்து ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாங்கில இருந்து இலை பாக்கிறதுதான் வேலை. இலையின்ர ஓரம் ரெண்டும் மேல மடிஞ்சு தோணி மாதிரி வந்துது. "லைட்டு வெக்கை, ஒரு சாண் உயத்தும்" எண்டன். சரியாப் போச்சு. ஒருக்கால் இலையில ஊசியால குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளி. அவ இலையின்ர முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறா. "பிள்ளை, முகத்தைப் பாராதையும், முதுகைத் திருப்பும்" எண்டன். திருப்பினால், கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் பேன். மெல்லிசா நூலாம்படை. ரெண்டு பேரும் ஈரத்துணியால ஒவ்வொரு இலையாத் துடைச்சம். தலையில மயிர் இல்லை, ஒரு துவாயைச் சுத்திக்கொண்டு அந்தப் பிள்ளை இலை துடைக்கிறா. துடைச்சுக்கொண்டே தன்ர பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறா. எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லைப் பிள்ளை. இருந்திருந்தால் இப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு அண்டைக்கு நினைச்சன்.

தண்ணிப் பாடமும் நான்தான் சொல்லிக்குடுத்தது. தண்ணி காணாட்டி இலை மெல்லிசா, கடதாசி மாதிரித் தொங்கும். தண்ணி கூடினாலும் தொங்கும், ஆனால் தடிச்சு, உப்பி, நுனி உள்ளுக்கு வளைஞ்சு தொங்கும். ரெண்டும் தொங்கல்தான். தெரியாதவன் ரெண்டுக்கும் தண்ணியை ஊத்திக் கொண்டுபோடுவான். இந்த வித்தியாசம் தெரிஞ்சால் பாதித் தோட்டக்காரன். அவ அதை வடிவாப் பிடிச்சிட்டா.

பேந்துதான் சனியன் பிடிச்சுது. காய்ச்சல் எண்டு அவவை ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டினம். மகன் பாதி நாள் அங்க, பாதி நாள் லொறியில. வெளிக்கிடேக்க அவ காரில இருந்துகொண்டு என்ர கையைப் பிடிச்சவ. "மாமா, கண்டுகளைப் பாத்துக்கொள்ளுங்கோ. உங்களுக்கு நான் என்ன சொல்லிக்குடுக்கிறது" எண்டவ. அவ்வளவுதான் சொன்னவ. நீங்களே சொல்லுங்கோ பிள்ளை, வேற ஒரு சொல் சொன்னவவோ? பூ எண்டு ஒரு சொல்? பூவைத் தொடாதேங்கோ எண்டு ஒரு சொல்? இல்லையெல்லே!

அவ போய்க் கொஞ்ச நாளில நாலு கண்டிலயும் பூக்கொண்டை தலைகாட்டத் துவங்கீட்டுது. பொத்திப் பொத்தியா, வெள்ளை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு. நான் என்ன செய்வன்? புகையிலைக்காரன் என்ன செய்வான்? பூக்க விட்டால் இலைக்குச் சாரம் இறங்காது, இலை சவண்டு போகும். கொண்டையைக் கண்ட உடன முறிக்கவேணும். முறிச்சாப்பிறகு பக்கத்தால குருத்து வரும், அதையும் கிள்ளவேணும். கைக்குழந்தைக்கும் தெரியும் எங்கட ஊரில. நான் காலமை எழும்பி, முகம் கழுவி, முதல் வேலையாக் கீழ இறங்கி முறிப்பன். கை எல்லாம் பிசின் பிசினா ஒட்டும். சவுக்காரம் போட்டாலும் போகாது. கோதாரி விழுந்த பிசின் எண்டு பேசிப் பேசிக் கழுவுவன்.

இலை வந்துது பாருங்கோ! என்ர ரெண்டு கையையும் விரிச்ச அளவு. கரும்பச்சை. ஒரு புள்ளி இல்லை, ஒரு கருகல் இல்லை, ஒரு பேன் இல்லை. நான் வாங்கில இருந்து பார்த்துக்கொண்டே இருப்பன். பிள்ளை வந்து இதைக் கண்டால் என்ன சொல்லுவா எண்டு நினைச்சு நினைச்சுச் சந்தோசப்பட்டன். சாப்பிடக்கூட மனம் வராமல் இருந்தனான்.

வந்தவ. ஆள் பாதியாப் போச்சு. மகன் தூக்கிக்கொண்டு வந்து செற்றியில கிடத்தினவன். அவன் மருந்து வாங்க வெளிய போன உடன, "மாமா, கீழ போவம்" எண்டா. படியில ஒவ்வொரு படியா இருந்து இருந்து இறங்கினவ. நான் சிப்பைத் திறந்து, "பாரும்" எண்டன்.

பார்த்தவ. ஒவ்வொரு கண்டின்ர நுனியையும் விரலால தடவினவ.

"மாமா, பூ எங்க?"

"முறிச்சுப்போட்டன் பிள்ளை. உமக்கு ஏன் கஷ்டம் எண்டு நானே எல்லாம் முறிச்சுப்போட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"ஒண்டும் விடேல்லை" எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்னன் பிள்ளை. ஒண்டும் விடேல்லை எண்டு.

"முறிச்சதுகள்?"

"குப்பைக்காரன் கொண்டு போட்டான்."

அவ அந்தக் கடைசிப் படியில இருந்திட்டா. முதல்ல சிரிச்சவ. பகிடியைக் கேட்ட மாதிரிச் சிரிச்சவ. நானும் என்னெண்டு தெரியாமல் கூடச் சிரிச்சன். பார்த்தால், சிரிச்சபடியே கண்ணால தண்ணி ஓடுது. "பூவிலதான் மாமா மருந்து. இலையில ஒண்டும் இல்லை" எண்டா. சாடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அந்த வளர்த்தியான இலையெல்லாம் என்னைப் பழிச்சு நெளிக்கிற மாதிரி இருந்துது.

பேந்து மகன் வந்து, "என்ன, பூ ஒண்டையும் காணேல்லை?" எண்டு கேட்டவன். நான் வாயைத் திறக்க முந்தி நிரோ சொன்னவ, "பூச்சி பிடிச்சிட்டுதப்பா. மாமா எவ்வளவோ பாடுபட்டவர்." அவன் கண்டில முறிஞ்சு நிண்ட காம்பைப் பார்த்தவன். என்ர முகத்தைப் பார்த்தவன். பூச்சி அப்பிடி முறிக்காது எண்டு லொறிக்காரனுக்கும் தெரியும் பிள்ளை. மேல போனவன், அண்டையிலயிருந்து என்னோட கதைக்கிறானில்லை. சோறு போடுவான், மாத்திரையை எடுத்து வைப்பான், ஆனால் ஒரு சொல் இல்லை. இண்டைக்கும் விடியவே தனியக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போட்டான். நான் பஸ்ஸில போறன். பெத்த தேப்பன், பிள்ளை! நாலு கண்டுக்காகப் பெத்த தேப்பனோட கோவிக்கிறதே? எனக்கு ஆரும் சொல்லித் தந்தவையோ? அவவும்தான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

கடை எண்ணெயை அவன் திரும்பவும் வாங்கினவன். ஒண்டு மாறி ஒண்டு, மூண்டு நாலு விதம். எல்லாம் சத்தி. இரவிரவா அந்தச் சத்தம் என்ர அறைக்குக் கேக்கும். தலகாணியை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பன். பேந்து அவவைத் திரும்பவும் ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டினம்.

சும்மா இருக்கிற ஆளோ நான்? மிச்ச விதை ஒரு சின்னப் போத்தலுக்க கிடந்துது. பழைய கண்டெல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டு நாலு விதை போட்டன். நாலும் முளைச்சுது. இந்த முறை ஒரு நுனியையும் தொடன் எண்டு பிள்ளையாருக்கு நேந்திருக்கிறன். இப்ப தை. கணக்குப் பார்த்தன், சித்திரையில பூக்கும். காய்ச்சத் தெரிஞ்ச அந்தச் சிநேகிதப்பிள்ளையிட்டயும் கேட்டு வச்சிருக்கிறன். கஞ்சா காய்ச்சிற குசினிக்குள்ள நானே நிப்பன், ஆரும் சிரிச்சால் சிரிக்கட்டும்.

என்ன, இந்தக் கண்டுகள்தான் ஒரு மாதிரிக் கிடக்கு. அதுக்குத்தான் இந்த இலை. இஞ்ச பாருங்கோ, மெதுவாப் பிரியுங்கோ. தடிச்சுப் போய், உப்பி, நுனி உள்ளுக்கு வளைஞ்சு தொங்குது. என்ன வருத்தம் எண்டு எனக்கு விளங்கேல்லை. பேஸ்மென்ட் குளிராக இருக்கும். இல்லாட்டி இந்த ஊர்த் தண்ணி சரியில்லை. என்னால முடிஞ்சதைச் செய்யிறன்தானே. காலமை தண்ணி விடுறன், மத்தியானம் விடுறன், நித்திரை வராட்டி இறங்கிப்போய் இன்னும் ஒரு பேணி விடுறன். இப்ப வெளிக்கிடேக்கயும் விட்டிட்டுத்தான் வந்தனான்.

போன முறை கொண்டுபோய்க் காட்டினன். கட்டிலில கிடந்தபடியே இலையைத் தூக்கி லைட்டுக்குப் பிடிச்சுப் பார்த்தவ. "மாமா, தண்ணியைக் கொஞ்சம் குறையுங்கோ" எண்டா. எனக்குக் கோவம் வந்திட்டுது. எனக்கோ தண்ணிப் பாடம்? துலா மிதிச்சுத் தண்ணி இறைச்ச குடும்பத்துக்கோ? வருத்தக்காரிதானே எண்டு பேசாமல் வந்திட்டன்.

கஞ்சியும் அப்பிடித்தான். அவவின்ர கண் மஞ்சளடிச்சுப் போச்சு பிள்ளை. தோலும் மஞ்சள். அடி இலை மஞ்சளடிச்சால் என்ன அர்த்தம்? சாப்பாடு காணாது. பால் விட்டுக் கஞ்சி காய்ச்சிக் கரண்டியால குடுக்கிறன், வாயைத் திறக்கிறா இல்லை. ஒரு கரண்டி மாமாவுக்காக எண்டால், மாமாவுக்காக ஒரு கரண்டியை வாயில வச்சிருப்பா. நான் அங்கால திரும்பினால் ரிஷூவில துப்பிப்போடுவா. கண்டனான். காணாத மாதிரி இருந்திட்டன்.

சரி, கேக்க வந்ததைக் கேக்கிறன். நேத்து மகன் ஃபோனில ஆரோடயோ கதைச்சவன், நான் கேட்டுக்கொண்டு நிண்டனான். வெள்ளிக்கிழமை அவவை வீட்டை அனுப்பப்போகினமாம். இனி மருந்து ஏத்தத் தேவையில்லையாம். ஊசி, குழாய் எல்லாம் கழட்டுவினமாம். நல்ல கட்டில் ஒண்டு வீட்டுக்கே கொண்டுவந்து பூட்டுவினமாம். விரும்பினதைச் சாப்பிடலாமாம், விரும்பின ஆக்கள் வந்து பாக்கலாமாம், நோகாமல் வச்சிருந்தால் காணுமாம். எனக்குச் சந்தோசத்தில கை கால் ஓடேல்லை. மருந்து வேண்டாம் எண்டால் சுகம் எண்டுதானே? ஆனால் அவன் ஃபோனை வச்சுப்போட்டு, சோத்துச் சட்டியோட நிண்டு அழுதவன் எண்டனே, அதை விடக் கேவலமா அழுதவன். சுகம் எண்டால் ஏன் பிள்ளை அழுறான்? அவனைக் கேக்க ஏலாது, கதைக்கிறானில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பிள்ளை. உங்களுக்குத் தெரியும். அப்பிடி வீட்டை அனுப்பிற ஆக்கள் சித்திரை வரைக்கும்...

ஏன் பிள்ளை யன்னலைப் பாக்கிறியள்?

வேண்டாம். விடுங்கோ. சொல்லாதேங்கோ. கையை மட்டும் கொஞ்சம் பிடிச்சிருங்கோ.

நான் இலை பாக்கிறவன் பிள்ளை. எந்தக் கண்டு எழும்பும், எந்தக் கண்டு எழும்பாது எண்டு தூர நிண்டு சொல்லுவன். அவவின்ர கண் மஞ்சளடிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கஞ்சி காய்ச்சினனான். காய்ச்சாமல் என்ன செய்யிறது, சொல்லுங்கோ? கையை வச்சுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு ஏலாது. அவ கடைசியா ஒரு நேரம் திண்டிருக்கக்கூடிய சோறு, அதையும் நானே என்ர கையால முறிச்சு எறிஞ்சன். ஐயோ, ஒண்டும் விடேல்லை எண்டு வேற சொன்னனே அந்தப் பிள்ளையிட்ட.

இதுதானே எங்கட பஸ் தரிப்பு? சரி, எழும்புவம். அந்த இலையைத் தாங்கோ. இல்லை, வேண்டாம், நீங்களே எங்கயாவது போட்டிடுங்கோ. இதை அவவுக்குக் காட்டேல்லை. கண்டு நாலும் நல்லா நிமிந்து நிக்குது, நுனியில வெள்ளையாத் தலைகாட்டுது, சித்திரையில பூத்திடும் எண்டு சொல்லப்போறன். அவ நம்பமாட்டா. அவ கெட்டிக்காரி, முகத்தைப் பாராமல் முதுகைத் திருப்பிப் பாக்கப் பழகினவ. எண்டாலும் சொல்லுவன். எனக்காக அவ பூச்சி எண்டு சொன்னவ எல்லே.

நீங்கள் முன்னுக்கு இறங்குங்கோ பிள்ளை, பனி வழுக்கும். இந்தப் பிளாஸ்கையும் ஒருக்காப் பிடியுங்கோ. நான் கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் இறங்கவேணும், கஞ்சி ஊத்துப்பட்டுப் போகும்.